சாய்ந்த கொடிகளை எண்ணி வரைந்த கதை

ராசிபுரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் பஸ் நின்றுவிட்டது. பஞ்சர் இல்லை, டீசலும் தீரவில்லை. கியர் ராடு கையோடு கழன்று வந்துவிட்டது என்று டிரைவர் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். எங்கள் ஆத்தூர்ப் பக்கமாக இருந்தால் இந்நேரம் பாதிப் பேர் கண்டக்டரைச் சூழ்ந்துகொண்டு கத்தியிருப்பார்கள். இங்கே ஒருவர் மட்டும் இறங்கி வந்து, "ஏனுங்க, இது எப்ப ஓடுமுங்க?" என்று கேட்டார். கண்டக்டரும் அதே மரியாதையோடு, "இன்னைக்கு ஓடாதுங்க" என்றார். அவ்வளவுதான் சண்டை.

நான் புளியமரத்தடியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் அந்தப் பஸ்ஸை வரைந்தேன். சக்கரங்கள் முட்டை மாதிரி வந்தன. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் எட்டிப் பார்த்து, "அதுதான் ஓட மாட்டேங்குது போல" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

இந்த நோட்டுக்காகத்தான் பயணம். சென்னையில் சிறுவர் புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்துக்கு ஓவியர் வேலைக்கு எழுதி, பன்னிரண்டு படங்கள் அனுப்பியிருந்தேன். அங்கே பதிப்பாசிரியராக இருந்த அம்மா போன் செய்தார். "நல்லா இருக்கு. ஆனா எல்லாமே போட்டோ பாத்துப் போட்டது, இல்லையா?" நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். "நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்குங்க. வெளிய போய், நேரா பாத்து வரைங்க. ரப்பர் வேண்டாம். ஒரு பக்கமும் கிழிக்கக் கூடாது. மோசமா வந்த பக்கம்தான் எனக்கு முக்கியம். சனிக்கிழமை தபால்ல போட்டுடுங்க." அது திங்கட்கிழமை காலை.

அவர் சொன்னது உண்மை. செல்போனில் இருக்கும் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, தாளிலும் அதே போல் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்புவேன். கல்லூரியில் மூன்று வருடமும் பரிசு வாங்கியது அப்படித்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை இறக்குகிறவர்கள். நான் வரைந்ததில் ஒரு தப்புக் கோட்டை அவர்கள் பார்த்ததில்லை. நான் காட்டியதில்லை. சொந்த ஊரில் தெருவில் உட்கார்ந்து மோசமாக வரைய மனம் வரவில்லை. நாமக்கல்லில் கல்லூரித் தோழி கௌரி இருந்தாள். என்னை யாருக்கும் தெரியாத பக்கமாகப் போய்த் தப்பு செய்வோம் என்று அன்றே கிளம்பிவிட்டேன்.

ராசிபுரத்தில் மதியச் சாப்பாடு. பருப்புக்கு நெய் ஊற்ற வந்தவரிடம் போதும் என்று கையை நீட்டித் தடுத்தேன். அவர் என் கையைச் சுற்றி ஊற்றிவிட்டுப் போனார். அந்த ஊரில் நெய்யை வேண்டாம் என்பவரை உடம்பு சரியில்லாதவர் என்றுதான் நினைப்பார்கள் போலிருக்கிறது. அன்று ஏழு பக்கம் ஆனது. ஏழும் மோசம்.

செவ்வாய்க்கிழமை நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நின்றேன். வெறும் சேஸிஸ் மேல் பலகையும் இரும்புமாக லாரி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் வரைந்தேன். வெல்டிங் செய்துகொண்டிருந்தவர் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"நெம்ப அழகா இருக்குதுங்க. ஆனா லோடு ஏத்துனா இந்த வண்டி முன்னாடி தூக்கிக்குமுங்க."

"ஏன்?"

"பின் வீலு எங்க இருக்குது, நீங்க எங்க வெச்சிருக்கீங்க?"

நடுவயிற்றில் வைத்திருந்தேன். லாரிக்குச் சக்கரம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் பார்க்காமலே போட்டிருக்கிறேன். கோபம்தான் வந்தது. படம் போடுவதைப் பற்றி இவர் எனக்குச் சொல்வதா என்று. பக்கத்தைத் திருப்பிவிட்டு வேறு லாரிக்குப் போனேன். அவரும் முகமூடியை இறக்கிக்கொண்டு தன் வேலைக்குப் போனார். ராத்திரி கௌரி வீட்டில் முட்டைக் குழம்பு, முட்டைப் பொரியல், கூடவே அவித்த முட்டையும். எங்கள் வீட்டில் முட்டை என்றால் அது பள்ளிக்கூடச் சத்துணவில் கிடைப்பது. கௌரி வீட்டில் அது உப்பு மாதிரி, எதிலும் இருந்தது.

புதன்கிழமை ஜேடர்பாளையம். அணைக்கட்டின் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் முன்பு ஆற்றோரம் முழுக்கப் பெருங்காற்றும் மழையுமாக அடித்திருந்ததால் தண்ணீர் செம்மண் நிறம். பொரித்த மீன் வாங்கித் தின்றுகொண்டே வரைந்தேன். மீன் நன்றாக இருந்தது. தண்ணீர் வரவில்லை. சீப்பால் வாரியது போல் ஒரே மாதிரிக் கோடுகள். அப்படியே நான்கு பக்கம். இருபத்தேழு பக்கம் முடிந்தும் காட்டுவதற்கு ஒன்றுகூட இல்லை என்று அன்று படுக்கும்போது பயம் வந்தது.

வியாழக்கிழமை பரமத்தி வேலூர்ப் பக்கம் போனேன். கண்டக்டர் என்னை ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறக்கிவிட்டார். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே மண்பாதையில் நடந்தபோது வெற்றிலைக் கொடிக்கால் ஒன்று வந்தது. வேலியோரம் நின்று நோட்டை எடுத்தேன். கழுத்தில் பழைய கல்லூரி அடையாள அட்டைக் கயிறு. அதில்தான் வீட்டுச் சாவியை மாட்டியிருப்பேன்.

உள்ளே இருந்து ஒரு அம்மா வேகமாக வந்தார். நாற்பது வயது இருக்கும். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தார்.

"வந்துட்டீங்களா! ரெண்டு நாளா வழியப் பாத்துக்கிட்டு இருக்கறோமுங்க."

"நான் சும்மா பாத்து..."

"பாருங்க, பாருங்க. பாக்கறதுக்குத்தான வந்தீங்க? செருப்ப அங்கயே உட்டுட்டு வாங்க மேடம். கொடிக்காலுக்குள்ள செருப்பு ஆகாது."

அவர் பெயர் சரஸ்வதி. கொடிக்கால் அவருடையது. காற்றடித்த சேதத்தைக் கணக்கெடுக்க வந்த அதிகாரி என்று என்னை நினைத்துவிட்டார். அது எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. முந்தானையால் அதைத் துடைத்துப் போட்டார். கூட வேலை செய்த பாப்பாத்தி அக்கா டீ கொண்டுவந்தார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. ஆலையில் அப்பா மூட்டை இறக்கும்போது நோட்டோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அப்பா அவரைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிடுவார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நோட்டை மடியில் விரித்தேன்.

கொடிக்காலைப் பார்த்தால் முதலில் ஒரே பச்சை. அகத்தி மரங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் வெற்றிலைக் கொடியை ஏற்றி நாரால் கட்டியிருக்கிறார்கள், வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும் வாய்க்கால். காற்று புகுந்து அதைக் கலைத்துப் போட்டிருந்தது. முன்னால் இருந்த மூன்று நான்கு மரங்களை ஒழுங்காக வரைந்துவிட்டு, பின்னால் எல்லாவற்றையும் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து நிரப்பினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பின்னால் நின்ற சரஸ்வதி அக்கா குனிந்து பார்த்தார். "மேடம், இந்த வரிசையில ஆறு கொடி உழுந்திருக்குது. நீங்க ரெண்டுதான் போட்டிருக்கீங்க."

படத்துக்கு அது போதும் என்று எப்படிச் சொல்வது? அதிகாரி அப்படிச் சொல்ல மாட்டாரே. பார்த்தேன். ஆறு இருந்தது. ஆறையும் போட்டேன்.

"இது மரமே முறிஞ்சு போச்சு. இது மரம் நிக்குது, கொடி மட்டும் சறுக்கி இறங்கியிருக்குது. ரெண்டும் ஒண்ணு இல்லீங்க."

அவர் சொன்னதும்தான் அந்த வித்தியாசம் கண்ணில் பட்டது. முறிந்த மரம் கொடியையும் இழுத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சறுக்கிய கொடி மரத்தின் அடியில் அவிழ்த்துப் போட்ட சேலை மாதிரி குவிந்திருந்தது. அந்த வரிசையை முடித்து அடுத்ததைப் பார்த்தபோது பச்சை தனித்தனியாகப் பிரிய ஆரம்பித்துவிட்டது. எது நிற்கிறது, எது எதன் மேல் விழுந்திருக்கிறது என்று அவர் சொல்வதற்கு முன்பே கை போனது. "ஆமாங்க, ஆமாங்க" என்று அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, எதிரில் இருப்பது தாளில் இருந்தது.

"நிவாரணப் பணம் எத்தன நாள்ல ஏறுமுங்க மேடம்?" என்று கேட்டார்.

அதற்கு மேல் முடியவில்லை. "அக்கா, நான் ஆபீசர் இல்லக்கா. படம் வரையப் பழக வந்தேன்."

 பாப்பாத்தி அக்காதான் முதலில், "அட கெரகமே! அப்ப டீயி?" என்றார்.

சரஸ்வதி அக்கா என்னையே பார்த்தார். "எந்திரிங்க."

எழுந்தேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்துக் குடிசையான சாளைக்குள் வைத்துவிட்டு வந்தார்.

"வந்த ஒடனே சொல்றதுக்கு என்னுங்க?"

"என்னைய இதுவரைக்கும் யாரும் மேடம்னு கூப்பிட்டதில்லக்கா. நல்லா இருந்துச்சு."

"நல்லாத்தான் இருக்கும்" என்றார். அதில் இரக்கம் இல்லை. வாய்க்காலில் இறங்கி வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் செருப்பு இருந்த இடத்துக்கு வந்தேன். மாட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

"அந்த நோட்டக் குடுங்க" என்று பின்னால் குரல் கேட்டது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். படத்தையும் தன் போனில் இருந்த போட்டோக்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"போட்டோ புடிச்சு ஆபீசுல காட்டுனேனுங்க. எல்லாம் பச்சையாத்தான் இருக்குது, இதுல எது உழுந்தது, எது நிக்குதுன்னு தெரியலைன்னாங்க. நேர்ல வரோம்னாங்க. அவங்களுக்கும் பாக்கறதுக்கு நூறு கொடிக்கா இருக்குது. நாளைக்குள்ள கொடிய எடுத்துக் கட்டலைன்னா நல்லதும் சேந்து அழுவிப் போயிரும். எடுத்துக் கட்டிட்டா, உழுந்துச்சுன்னு எப்படிங்க காட்டறது?" படத்தின் மேல் விரலை வைத்தார். "இதுல தெரியுதே. இந்தத் தாளக் குடுங்க."

"கிழிக்கக் கூடாதுக்கா. கிழிச்சா எனக்கு வேலை போயிரும்."

"கெடைக்காத வேலை எப்படிப் போகும்?" என்றார் பாப்பாத்தி அக்கா.

ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்றேன். சரஸ்வதி அக்காவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து கடைவீதிக்குப் போனோம். கடைக்காரர் நோட்டைக் கவிழ்த்து வைத்து எடுத்தார். தாள் வெள்ளையாக வந்தது.

"ஏனுங்க, வெறும் நோட்டக் குடுத்து ஜெராக்ஸ் கேக்கறீங்க?"

மிஷினில் கறுப்பைக் கூட்டி வைத்து மறுபடி எடுத்தார். இப்போது தாள் முழுக்கச் சாம்பல் நிறம், நடுவில் என் கோடுகள் தூசி மாதிரி. ரப்பரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தும் அழிக்க வசதியாக, தாளில் பட்டும் படாமலும்தான் வரைந்திருக்கிறேன்.

"பேனாவுல இழுங்க" என்றார் சரஸ்வதி அக்கா.

அந்தப் பக்கத்தில்தான் என் நம்பிக்கை முழுவதும் இருந்தது. பேனா பட்டால் நிழல் எல்லாம் செத்துவிடும், ஒரு கோடு தப்பினாலும் பக்கமே போய்விடும். அதை அவரிடம் சொன்னேன். அவர் வாதாடவில்லை. கடை மேடையில் நூலில் கட்டியிருந்த பேனாவை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். இரண்டு மணி நேரம் என் ஒவ்வொரு கோட்டுக்கும் ஆமாங்க ஆமாங்க என்று அவர் தலையாட்டியது அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. பேனாவை எடுத்தேன்.

ஒரு கோடு இழுப்பதற்கு முன், இது முறிந்த மரமா சறுக்கிய கொடியா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. பென்சிலில் இரண்டுக்கும் நடுவில் எதையோ போட்டுத் தப்பிக்கலாம். பேனாவில் முடியாது. அவர் பக்கத்தில் நின்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். வரிசைக்கு நம்பர் போடச் சொன்னார். ஒன்றிலிருந்து பதினொன்று வரை போட்டேன். என் அழகான பக்கம் நில அளவைப் படம் மாதிரி ஆகிவிட்டது.

அப்போது அவர் கேட்டார். "அக்கட்டால மூலை எங்கீங்க?"

படத்தின் வலது மேல் மூலை வெள்ளையாக இருந்தது. முழுக்க நிரப்பினால் படம் மூச்சு முட்டும், ஒரு பக்கம் வெறுமையாக விட வேண்டும் என்று படித்திருக்கிறேன். அதைத்தான் விட்டிருந்தேன்.

"வெள்ளையா உட்டா அங்க ஒண்ணும் ஆகலைன்னு நெனப்பாங்களே."

"இப்பவே போட்டுடறேன்க்கா. மத்த வரிசை மாதிரிதான இருக்கும்?"

"நீங்க அங்க போகவே இல்லீங்களே."

திரும்பப் போனோம். அந்த மூலையில் தண்ணீர் தேங்கி முழங்கால் வரை சேறு. நாற்காலியில் இருந்து பார்த்தபோது அது தெரியவில்லை. சேற்றில் நின்றுகொண்டு நோட்டை மார்போடு அணைத்து வைத்து வரைந்தேன். ஐந்து மரம் இருந்தது. கடையிலேயே நினைப்பில் இருந்து போட்டிருந்தால் ஐந்தையும் சாய்த்திருப்பேன். இரண்டு நிமிர்ந்து நின்றன.

கரையில் இருந்து பாப்பாத்தி அக்கா கத்தினார். "அஞ்சுன்னே போடுங்க அம்மணி! யாரு வந்து எண்ணப் போறா?"

"மூணு" என்றார் சரஸ்வதி அக்கா. "இந்த ரெண்டு பொய்யின்னு தெரிஞ்சா மீதி ஒண்ணையும் நம்ப மாட்டாங்க."

மூன்று போட்டேன்.

மறுபடி கடை, மறுபடி ஜெராக்ஸ். இந்தத் தடவை கறுப்பாக, தெளிவாக வந்தது. "இப்பத்தான் நோட்டுல என்னமோ இருக்குது" என்றார் கடைக்காரர். அங்கிருந்து சேதம் கணக்கெடுக்கும் அலுவலகம். மூடுவதற்கு அரை மணி நேரம் இருந்தது. மேசையில் இருந்த அதிகாரிக்கு என்னைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். எதிரில் காகிதம் மலையாகக் குவிந்திருந்தது. முகம் நாள் முழுக்க வெயிலில் அலைந்தது மாதிரி இருந்தது. சரஸ்வதி அக்கா ஜெராக்ஸை நீட்டியதும், "மனு மாதிரி இல்லையே, என்னம்மா இது?" என்றார்.

"எங்க கொடிக்காங்க."

அவர் தாளை மேசையில் விரித்தார். அக்காவின் போனை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். போட்டோவைப் பெரிதாக்கினார், தாளில் வரிசையைத் தேடினார், மறுபடி போட்டோ. "இது நாலாவது வரிசையா?" "ஆமாங்க." "அப்ப இந்தக் குவியல் இதுவா... சரி, சரி." பேனா முனையால் ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டே போனார். ஏழாவது வரிசையில் நின்று திரும்ப எண்ணினார். நானும் மனதுக்குள் கூடவே எண்ணினேன். எந்தப் போட்டியிலும், எந்த நடுவருக்கு முன்னாலும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது.

"காலையில எட்டு மணிக்கு முதல்ல உங்களுதுக்குத்தான் வரேன். நான் வர்ற வரைக்கும் எதையும் எடுத்துக் கட்டாதீங்க. பாத்ததும் நீங்க வேலைய ஆரம்பிச்சுடலாம்." பிறகு, முழங்கால் வரை சேறு காய்ந்திருந்த என்னைப் பார்த்தார். கழுத்துக் கயிற்றைப் பார்த்தார். "நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?"

காலையில் சொல்லியிருக்க வேண்டிய பதிலை எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் சரஸ்வதி அக்கா முந்திக்கொண்டார்.

"டிபார்ட்மெண்ட்டெல்லாம் இல்லீங்க. படம் போடறவங்க. காலையில இருந்து எங்கூடத்தான் எண்ணிக்கிட்டு இருக்கறாங்க."

அதிகாரி தாளை என் பக்கம் தள்ளி, கீழே பெயர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

மறுநாள் எட்டே காலுக்குக் கௌரி வீட்டில் இருந்தபோது போன் வந்தது. "வந்துட்டாங்க அம்மணி. அஞ்சாவது வரிசையில நிக்கறாங்க. தாளக் கையில வெச்சுக்கிட்டுத்தான் நடக்கறாங்க. வெச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு சரஸ்வதி அக்கா வைத்துவிட்டார். நான் மீதி இருந்த பக்கங்களைப் பேனாவால் வரைய ஆரம்பித்தேன். சனிக்கிழமை மதியம் நோட்டைத் தபாலில் போட்டேன். ஒரு பக்கமும் கிழிக்கவில்லை. நம்பர் போட்ட அந்த ஒரு பக்கம் ஏன் அப்படி இருக்கிறது என்று கடிதத்தில் ஒரு வரி எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று உறையை ஒட்டிவிட்டேன்.